ஈரப்புல்லும் அகலக்காலும்

மங்களத்துக்குக் கால் அகலம். நீளம் கம்மி, அகலம் ஜாஸ்தி. போதாததற்கு வலது கால் இடது காலைவிடச் சப்பாத்துக் கணக்கில் அரை அளவு பெரியது. ஐம்பத்து மூன்று வயது வரைக்கும் இதை அவள் ஒரு குறையாக நினைத்ததே இல்லை. சிங்கப்பூரில் பிடோக்கிலிருந்து புறப்படும் ஒரு பேருந்தைப் பத்தொன்பது வருடமாக ஓட்டுகிறாள். அந்த வேலைக்கு வேண்டியது அடி மெல்லிசான கறுப்புச் சப்பாத்து. பிரேக்கின் மேல் எவ்வளவு அழுத்துகிறோம் என்பது உள்ளங்காலுக்குத் தெரிய வேண்டும். அப்படி ஒரு ஜோடி அமைந்தால், அடி வழவழவென்று தேயும் வரை போடுவாள். அப்புறம் அதே மாதிரி இன்னொன்று. சப்பாத்தைப் பற்றி வாழ்க்கையில் அவள் யோசித்தது அவ்வளவுதான்.

வட்டு விளையாட்டு வந்துதான் எல்லாவற்றையும் கெடுத்தது.

சனிக்கிழமை காலைகளில் அவள் பேருந்து ஒரு திறந்த புல்வெளியைத் தாண்டிப் போகும். அங்கே பத்துப் பன்னிரண்டு பேர், சங்கிலி தொங்கும் இரும்புக் கூடை ஒன்றைப் பார்த்துத் தட்டு எறிந்துகொண்டிருப்பார்கள். ஒருநாள் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி கனத்த பையோடு ஏறி, கடைசி நிறுத்தத்தில் இறங்கினாள். பைக்குள் அடுக்கடுக்காக வண்ணத் தட்டுகள்.

"என்னம்மா அது, தட்டா? கேட்டரிங் பண்றீங்களா?" என்று கேட்டாள் மங்களம்.

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பெயர் ஷமீமா. நூலகத்தில் வேலை. "இல்லக்கா, டிஸ்க் கோல்ஃப். கோல்ஃப் மாதிரிதான், பந்துக்குப் பதிலா வட்டு. எவ்ளோ கம்மியான எறியில கூடையில போடுறோமோ அவ்ளோ நல்லது. சும்மா ஒருநாள் வந்து எறிஞ்சு பாருங்க லா."

ஓய்வு நாள் சனிக்கிழமையில் வந்தபோது போனாள். முதல் வட்டு மரத்தில் மாட்டியது. இரண்டாவது ஷமீமாவின் தலைக்கு மேல் போனது. ஏழாவதோ எட்டாவதோ, சங்கிலியில் பட்டு 'சலங்' என்று கூடைக்குள் விழுந்தது. நாள் முழுக்க இருக்கையில் உட்கார்ந்து பலகையாகிப் போயிருந்த முதுகில் அந்தச் சத்தம் ஏதோ ஒரு முடிச்சை அவிழ்த்துவிட்டது. அதற்கப்புறம் ஓய்வு சனிக்கிழமைகளில் அவளை வீட்டில் பார்க்க முடியவில்லை.

ஒன்றரை வருடம் நன்றாகத்தான் போனது. போன ஜனவரியில், மூன்று நாள் விடாமல் பெய்த மழைக்கு மறுநாள், வரிசையாக இருக்கும் ஒன்பது கூடைகளில் ஆறாவதற்கு எறியும் சரிவில் அவள் விழுந்தாள். காலில் வேலைக்குப் போடும் அதே கறுப்புச் சப்பாத்து. வலது காலை ஊன்றி இடுப்பைத் திருப்பினாள். வட்டு ஒரு பக்கம் போனது, கால் ஒரு பக்கம் போனது. இடது கையை ஊன்றி விழுந்ததில் மணிக்கட்டு உடைந்தது.

மூன்று மாதம் பேருந்து ஓட்ட முடியவில்லை. டிப்போ அலுவலகத்தில் உட்கார்ந்து, மற்றவர்கள் தொலைத்துவிட்டுப் போன குடைகளுக்குச் சீட்டு எழுதினாள். வீட்டில் இன்னும் மோசம். தலை பின்னிக்கொள்ள முடியாது. அவள் கணவர் நடேசன்தான் பின்னிவிட்டார். ஜாலான் புசாரில் ஆணி, கயிறு, கருவி விற்கும் ஒரு வன்பொருள் கடையில் வேலை பார்க்கிறவர். நைலான் கயிறு கட்டிப் பழகிய கை. அவர் போட்ட பின்னலை ராத்திரி அவிழ்ப்பதற்குள் மங்களத்துக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும்.

கட்டுப் பிரித்த அன்றைக்கே கணவரும் மகள் கவிப்ரியாவும் ஒன்றாக உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னார்கள்.

"போதும்மா. ஐம்பத்து மூணு வயசுல எதுக்கு இந்த ஆட்டம்? பூங்காவுல நடங்க, போதும்" என்றாள் கவிப்ரியா.

"அகலக்கால் வைக்காதேன்னு சும்மாவா சொன்னாங்க" என்றார் நடேசன், பெரிய நகைச்சுவையைச் சொன்னவர் போல.

"என் கால் அகலம்தான். தப்பு கால் மேல இல்ல, சப்பாத்து மேல" என்றாள் மங்களம். "சரியான சப்பாத்து இருந்தா நான் விழுந்திருக்கவே மாட்டேன்."

சொல்லிவிட்டாள். சொன்னதை நிரூபிக்கப் போய்த்தான் அந்த வருடம் முழுக்க அவளுக்கு எரிச்சலாகக் கழிந்தது.

முதலில் வந்தது நடேசனின் யோசனை. விளையாட்டு வேண்டாம் என்றவர்தான், ஆனால் சப்பாத்து என்ற பேச்சு வந்ததும் அவருக்குள் இருந்த கடைக்காரர் எழுந்துவிட்டார். மறுநாள் சாயங்காலம் ஒரு பெட்டியோடு வந்தார். உள்ளே கட்டுமானத் தொழிலாளர்கள் போடும் பாதுகாப்புச் சப்பாத்து. விரலுக்கு மேல் இரும்பு மூடி.

"எண்ணெய் கொட்டின தரையிலயே வழுக்காது. புல்லு எம்மாத்திரம்?"

மங்களம் அதைப் போட்டுக்கொண்டு வரவேற்பறையில் நாலு அடி நடந்தாள். என்ன சத்தம் என்று கீழ்வீட்டுக்காரர் வந்து கேட்காததுதான் பாக்கி. ஆனாலும், கொண்டுவந்த மனுஷனுக்காகச் சனிக்கிழமை போட்டுக்கொண்டு போனாள். ஈர மண் அடியில் அப்பி, பத்து நிமிடத்தில் ஒவ்வொரு காலும் ஒரு அம்மிக்கல் ஆனது. மூன்றாவது கூடைக்கு மேல் அவளால் காலைத் தூக்க முடியவில்லை.

"அது சிமென்ட் தரைக்குச் செஞ்சது. மண்ணுக்கு இல்ல" என்றாள் வீட்டுக்கு வந்து.

"மண்ணு ஒட்டுனா தட்டிவிடணும். அதுக்கு ஒரு குச்சி எடுத்துட்டுப் போகணும்" என்றார் நடேசன். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

அடுத்தது கவிப்ரியா. கோபித்துக்கொண்டே கைப்பேசியில் தேடி, 'தண்ணீரே புகாது' என்று போட்டிருந்த ஒரு ஜோடியை வரவழைத்தாள். அழகான சாம்பல் நிறம், கணுக்கால் உயரம். பனி ஊரில் நடப்பவர்களுக்காகச் செய்தது என்று பெட்டியில் இருந்த படத்திலேயே தெரிந்தது. பனிப்புல்லுக்கு அது சரியாக இருக்கலாம். இங்கே பெய்வது மேலிருந்து கொட்டுகிற மழை. முழங்காலில் வழிந்த தண்ணீர் நேராகச் சப்பாத்துக்குள் இறங்கியது. இறங்கியது இறங்கியதுதான். வெளியே போக வழியில்லை. ஒன்பது கூடையும் முடிப்பதற்குள் இரண்டு வாளிக்குள் காலை விட்டுக்கொண்டு நடக்கிற மாதிரி இருந்தது.

"தண்ணி உள்ள வராதுன்னா, வெளியேயும் போகாது கவி. இதைச் செஞ்சவன் ஒருநாளாவது நம்ம மழையில நின்னிருக்கானா?"

"அஞ்சுக்கு நாலே முக்கால் நட்சத்திரம்மா அதுக்கு!"

"நட்சத்திரம் போட்டவங்க கால் எல்லாம் காய்ஞ்ச கால்."

மூன்றாவது ஜோடிக்குக் குவீன்ஸ்டவுன் பக்கம் விளையாட்டுச் சாமான் விற்கும் ஒரு கடைக்குப் போனாள். விற்பனையாளர் அவள் முகத்தைக்கூடப் பார்க்காமல் "ஆன்ட்டி, வாக்கிங்கா?" என்றார். இவள் வட்டு எறிவதை விளக்கினாள். கையை வீசிக் காட்டியதில் தொப்பி அடுக்கு ஒன்று சரிந்தது. "ஓ, புல்லா!" என்று அவர் எடுத்துக் கொடுத்தது முளை வைத்த காற்பந்துச் சப்பாத்து. அகலம் போதவில்லை. அதற்காக இரண்டு அளவு பெரியதாகக் கொடுத்தார். முன்னால் கட்டைவிரல் அளவுக்குக் காலி.

அதை ஷமீமா பார்த்ததும் கையைப் பிடித்து நிறுத்திவிட்டாள்.

"இதைப் போட்டு எறியாதீங்கக்கா. முளை மண்ணுல இறங்கி அப்படியே பிடிச்சுக்கும். நீங்க எறியும்போது கால் திரும்பணும். கால் திரும்பாம இடுப்பு மட்டும் திரும்பினா முட்டி போயிரும். போன வாரம் மணிக்கட்டு, இந்த வாரம் முட்டியா?"

"போன வாரம் இல்ல, ஜனவரி" என்றாள் மங்களம். அவளுக்கு அழுகை வரும் போல இருந்தது. வழுக்கவும் கூடாது, பிடித்துக்கொள்ளவும் கூடாது. ஊன்றும்போது நிற்க வேண்டும், விடும்போது திரும்ப வேண்டும். புருஷனிடம்கூட இவ்வளவு எதிர்பார்த்ததில்லை.

கடைசியில் அலமாரி உச்சியில் ஒரு பெட்டி நினைவுக்கு வந்தது. எட்டு வருடத்துக்கு முன்னால் மலேசியாவின் கேமரன் மலைக்குக் குடும்பத்தோடு போனபோது வாங்கிய மலையேறும் சப்பாத்து. இரண்டே நாள் போட்டது. எடுத்துப் பார்த்தால் புத்தம் புதுசு. இதைத் தலைக்கு மேல் வைத்துக்கொண்டா இத்தனை நாள் அலைந்தோம் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். அந்தச் சனிக்கிழமை இரண்டு கூடை வரைக்கும் அற்புதமாக இருந்தது. மூன்றாவதில், இடது சப்பாத்தின் அடி முழுசாகக் கழன்று புல்லில் உட்கார்ந்துகொண்டது. குனிந்து தொட்டால் பழைய கேக் மாதிரி உதிர்ந்தது. அஞ்சு நிமிடத்தில் வலதும் அதே வழியில் போனது.

"நம்ம ஊரு ஈரக் காத்துல அடியில இருக்கிற நுரை தானா மக்கிரும். போடாம பத்திரமா வெச்சாதான் சீக்கிரம் போகும்" என்றார் நடேசன். "கடைக்கு வர்ற எல்லாருக்கும் சொல்லுவேனே."

"என்கிட்ட எப்பச் சொன்னீங்க?"

"நீ எப்பக் கேட்ட?"

அன்றைக்கு அவர் தனியாகத்தான் சாப்பிட்டார்.

அக்டோபரில் ஒரு புதன்கிழமை, காலை ஷிஃப்ட் முடிந்து சீருடையோடு லிட்டில் இந்தியாவுக்கு மளிகை வாங்கப் போனாள். சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், பெட்டியும் பையும் சப்பாத்தும் விற்கும் கடை. வாசலில் ஒரு கூடை நிறையத் தள்ளுபடிச் சப்பாத்துகள். உள்ளே போகக்கூடாது என்று நினைத்துக்கொண்டே போனாள்.

கடைக்காரர் அஹமது கபீருக்கு அறுபது வயதிருக்கும். "வாங்கம்மா. நடக்கவா, ஓடவா?"

"விழாம இருக்க" என்றாள்.

பதினோரு ஜோடி எடுத்துப் போட்டார். ஒவ்வொன்றையும் கையில் வைத்து, "இது நல்லாப் பிடிக்கும்மா, கண்ணை மூடிட்டு எடுத்துட்டுப் போங்க" என்றார்.

"எல்லாக் கடையிலயும் இதையேதான் சொல்றாங்கண்ணே" என்ற மங்களம் தன் தண்ணீர்ப் புட்டியை எடுத்தாள். மூடியைத் திறந்தாள். கடையின் பளபளக்கும் ஓட்டுத் தரையில் கவிழ்த்தாள்.

"யா அல்லா! என்னம்மா பண்றீங்க!"

"சோதிக்கிறேன். துடைச்சுத் தர்றேன், கவலைப்படாதீங்க."

ஒவ்வொன்றாக வலது காலில் மாட்டி, ஈரத்தில் ஊன்றித் திருகினாள். முதல் நாலும் சர்ரென்று போயின. ஐந்தாவது பிடித்தது, ஆனால் அவள் காலுக்கு ஒடுக்கம். கபீர் தலையில் கையை வைத்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவர் எடுத்துப் போட்டதில் எதுவும் தேறவில்லை. வாசல் கூடையைக் கிளறியபோது ஆண்களுக்கான ஒரு ஜோடி கிடைத்தது. காட்டுப் பாதையில் ஓடுகிறவர்கள் போடுவது. ஆரஞ்சு நிறம், ஓரத்தில் கிளிப்பச்சை. பார்க்கச் சகிக்கவில்லை. ஆனால் முன்பக்கம் அகலம். அடியில் ரப்பர்ப் பற்கள் தள்ளித் தள்ளி இருந்தன, நடுவில் மண் தங்காது. நகத்தால் அழுத்தினால் ரப்பர் மெத்தென்று அமுங்கியது. மேல்பாகம் வலைத்துணி. விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தாள், உள்ளேயிருந்து வெளிச்சம் தெரிந்தது. வெளிச்சம் போகும் வழியில் தண்ணீரும் போகும்.

ஈரத் தரையில் ஊன்றினாள். கீச்சென்று சத்தம் போட்டுக்கொண்டு நின்றது. திருகினாள். கொஞ்சம் முரண்டு பிடித்துத் திரும்பியது.

"ஆனா இது தரை" என்றாள். "புல்லுல பார்க்கணும்."

"வாங்கிட்டுப் போய்ப் பாருங்கம்மா."

"வாங்கிட்டுப் போய்ப் பார்த்தது எல்லாம் வீட்ல சும்மா கிடக்குண்ணே."

வெளியே மழை பிடித்துக்கொண்டது. கபீர் மழையைப் பார்த்தார், நனைந்த தன் தரையைப் பார்த்தார், இவளைப் பார்த்தார். எப்படியாவது இந்தப் பெண்பிள்ளை கடையை விட்டுப் போனால் சரி என்று தோன்றியிருக்க வேண்டும்.

"வலது கால்ல மட்டும் போட்டுக்குங்க. இடது என் கையில இருக்கட்டும்."

"ஒத்தைச் சப்பாத்தோட நான் எங்கண்ணே ஓடப் போறேன்?"

"இருபத்தெட்டு வருஷமா கடை வெச்சிருக்கேன்மா. எல்லாத்தையும் பார்த்துட்டேன்."

கதவைப் பாதி இறக்கிவிட்டு, ஒரு கையில் குடையும் மறு கையில் இடது சப்பாத்துமாக அவர் முன்னால் நடந்தார். பின்னால் மங்களம், ஒரு காலில் ஆரஞ்சு, மறு காலில் வேலைச் சப்பாத்து. இரண்டு தெரு தள்ளி ஒரு புல்தரை இருந்தது. மரத்தடியில் மழைக்கு ஒதுங்கியிருந்த நாலைந்து தொழிலாளர்கள் இந்த ஊர்வலத்தைப் பார்த்துப் பேச்சை நிறுத்தினார்கள்.

பையில் எப்போதும் ஒரு வட்டு வைத்திருப்பாள். முதலில் நின்ற இடத்திலிருந்தே எறிந்தாள். கால் அசையவில்லை. மரத்தடியில் இருந்தவர்களில் ஒருவர் ஓடிப்போய் வட்டை எடுத்துத் திருப்பி எறிந்தார். அடுத்து ஒரு அடி வைத்து எறிந்தாள். மூன்றாவது தடவை, ஜனவரியில் செய்தது மாதிரியே, இடது காலை வலது காலுக்குப் பின்னால் கொண்டுவந்து, வேகமெடுத்து வலதை ஊன்ற வேண்டும். உடம்பு மறுத்தது. உடைந்து கூடிய மணிக்கட்டை ஒருமுறை பிடித்துப் பார்த்துக்கொண்டாள்.

"என்னம்மா, முடிஞ்சுதா? நனையுறேன்" என்றார் கபீர்.

ஓடி வந்து ஊன்றினாள். கால் புல்லைக் கவ்வியது, நின்றது, வட்டு போனதும் தன்னால் திரும்பிக் கொடுத்தது. அவள் நின்றுகொண்டிருந்தாள். மரத்தடியிலிருந்து யாரோ கைதட்டினார்கள்.

சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தாள். வந்தது ஆத்திரம். ஒரு துண்டு ரப்பர். இதற்காகவா மூன்று மாதம் குடைக்குச் சீட்டு எழுதினோம்? இதற்காகவா அந்த மனுஷனின் கயிற்றுப் பின்னல்? மழையில் முகம் நனைந்திருந்ததால் கபீருக்கு ஒன்றும் தெரியவில்லை.

"எடுத்துக்கிறேன்" என்றாள். சொன்னபடி கடைத் தரையைத் துடைத்துக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினாள்.

வீட்டில் நடேசன் பெட்டியைத் திறந்து பார்த்தார். "ஆம்பளைச் சப்பாத்து. நிறத்தைப் பாரு, ரோட்டுல வேலை நடக்கிற இடத்துல வைக்கிற கூம்பு மாதிரி."

"நல்லதுதான். விழுந்தா தூரத்துலருந்தே தெரியும்" என்றாள்.

டிசம்பரில் குழுவின் வருடக் கடைசி ஆட்டம், இரண்டிரண்டு பேராக. மங்களமும் ஷமீமாவும் ஒரு ஜோடி. கூடவே வருவேன் என்பது கவிப்ரியாவின் நிபந்தனை. குடையைப் பிடித்துக்கொண்டு, பரிசோதகர் மாதிரி பின்னாலேயே வந்தாள். நாலாவது கூடையில் மழை வலுத்தது. இடி கேட்டதும் எல்லாரும் கூரைக்கு ஓடினார்கள். முக்கால் மணி நேரம் காத்திருந்து, அடங்கியதும் திரும்பினார்கள். புல்வெளி முழுக்கத் தண்ணீர் நின்றது.

ஆறாவது கூடைக்கு முன்னால் அதே சரிவு.

"அக்கா, நல்லா ஓடி வந்து எறியுங்க. சப்பாத்துதான் பிடிக்குதே" என்றாள் ஷமீமா.

"ம்மா, வேணாம்மா" என்றாள் கவிப்ரியா.

"ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் வாயை மூடுறீங்களா?" என்றாள் மங்களம். பத்தொன்பது வருடமாக மழையில் பேருந்து ஓட்டுகிறவள். டயர் எவ்வளவு புதுசாக இருந்தாலும் ஈரச் சாலையில் வேகத்தைக் குறைப்பவள். இங்கே மட்டும் எதற்கு வீம்பு? ஓட்டமே எடுக்காமல், ஒரே ஒரு அடி வைத்து எறிந்தாள். வட்டு பாதித் தூரம்தான் போனது. அவள் நின்ற இடத்தில் நின்றாள்.

அன்றைக்கு ஒன்பது ஜோடிகளில் அவர்களுக்கு ஐந்தாம் இடம். மங்களம் ஒருமுறைகூட விழவில்லை.

"உள்ள தண்ணி இல்லையாம்மா?" என்று கேட்டாள் கவிப்ரியா, ஆரஞ்சுச் சப்பாத்தைப் பார்த்து.

"இருக்கு. வருது, போகுது."

மகள் தன் பையிலிருந்து காய்ந்த காலுறையை எடுத்து நீட்டினாள். இதுவரை வீட்டில் எல்லாரும் கொடுத்த யோசனைகளிலேயே உருப்படியானது அதுதான்.

ஆனால் எரிச்சல் அதோடு தீரவில்லை. நனைந்த சப்பாத்து அந்த மழைக்காலத்தில் காய்வதற்கு மூன்று நாள் பிடித்தது. உள்ளே நாளிதழைச் சுருட்டித் திணித்தாள். நடேசன் மின்விசிறியைத் திருப்பி வைத்தார். வீடு முழுக்க ஈர நாய் வாசனை. இன்னொரு ஜோடி இருந்தால் மாற்றி மாற்றிப் போடலாமே என்று ஒரு வியாழக்கிழமை கபீர் கடைக்குப் போனாள். அவளைக் கண்டதும் அவர் முதல் காரியமாகத் தரைவிரிப்பைச் சுருட்டி ஓரமாக வைத்தார்.

"அதே மாதிரி இன்னொரு ஜோடி வேணும்ணே."

"அது நின்னுபோச்சும்மா. புதுசு வந்திருக்கு, இதைவிட நல்லாருக்கும்."

புதியது அழகான கருநீலம். காலை விட்டாள். முன்பக்கம் ஒடுக்கம். வலது கால் பாதியிலேயே நின்றது.

"நல்லா இருந்ததை எதுக்குண்ணே மாத்துறாங்க?"

"அதைச் செய்யுறவன்கிட்டதான் கேக்கணும்" என்றார் கபீர்.

வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தாள். சனிக்கிழமை காலை மறுபடி மழை. புதன்கிழமை பயிற்சிக்கு எறியப் போனபோது நனைந்த ஆரஞ்சுச் சப்பாத்து இன்னும் நசநசவென்றுதான் இருந்தது. நடேசன் காப்பிக் குவளையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஈரமா இருக்கே, அதைப் போயா போடுற?"

"எப்படியும் நனையப் போறதுதானே" என்று சொல்லிக்கொண்டே மங்களம் கயிற்றை இழுத்துக் கட்டினாள்.